பெருக்கல் குறி போட்ட மவுசர்: மெருகைச் சுரண்டலாமா, வேண்டாமா?

ஸ்கார்பரோக்காரன் | வெள்ளி, இரவு 9.12

வணக்கம். இத்தனை நாள் இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது எழுத ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. இங்கே கனடாவில் துப்பாக்கி உரிமம் கைக்கு வந்ததும் முதல் வேலையாக ஒரு பழைய 'கார் 98கே' ரைபிள் வாங்கிவிட்டேன். ஜெர்மன் ராணுவத்தின் 7.92 மி.மீ. மவுசர். "ரஷ்யாக்காரன் பிடித்தது, ஸ்டாலின்கிராடில் எடுத்தது" என்று சொல்லிக் கொடுத்தார் விற்றவர்.

கண்ணில் படுவதை எழுதுகிறேன். ரிசீவர், அதாவது குழலும் போல்ட்டும் வந்து பொருந்தும் நடு இரும்பு, அதன் வளையத்தின் உச்சியில் பிஎன்இசட் என்று மூன்று சின்ன எழுத்துகள், கீழே 42. வலப்பக்கம் குண்டூசித் தலை அளவில் கழுகுகள், அவற்றின் அடியில் 623. இடப்பக்கம் நான்கு இலக்க எண், அதோடு ஒரு ஆங்கில எழுத்து. அதன் பக்கத்திலேயே பெருக்கல் குறி போல ஒரு எக்ஸ். போல்ட்டில், அதாவது தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் தண்டில், ஆழமாகக் குத்திய எண் வேறு. அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, யாரோ கையால் கிறுக்கியது போல ரிசீவரின் எண்ணைச் சாய்வாக எழுதியிருக்கிறார்கள். போல்ட் முழுக்கக் கறுப்பு. துப்பாக்கியின் மரக்கட்டையில் செந்தேன் நிறத்தில் கெட்டியான மெருகு. அடிப்பக்கம் வழிந்து, சொட்டு சொட்டாக அப்படியே உறைந்திருக்கிறது.

என் கேள்வி: அந்த எக்ஸ் என்ன? ஸ்டாலின்கிராட் கதை உண்மையா? அப்புறம், மெருகை ஸ்பிரிட்டால் கரைத்து எடுத்து, போல்ட்டின் கறுப்பையும் நீக்கி, 1942இல் இருந்தபடி ஆக்கலாம் என்று நினைக்கிறேன். யாராவது செய்திருக்கிறீர்களா?


பழைய இரும்பு | வெள்ளி, இரவு 10.47

தம்பி, முதலில் ஸ்பிரிட் பாட்டிலை எடுத்து அலமாரியில் வையுங்கள். மற்றதை நிதானமாகப் பேசுவோம்.

பிஎன்இசட் என்பது ஆஸ்திரியாவில் இருந்த ஸ்டெயர் தொழிற்சாலையின் ரகசியக் குறியீடு. ஜெர்மானியர்கள் எந்தத் தொழிற்சாலை எவ்வளவு செய்கிறது என்று எதிரி கணக்குப் போடாமல் இருக்க, பெயருக்குப் பதில் எழுத்துகளைக் குத்தினார்கள். ஓபர்ன்டார்ஃப் நகரத்து மவுசர் தொழிற்சாலைக்கு பிஒய்எஃப், செக் நாட்டு பிர்னோவுக்கு டிஓடி, சூல் நகரத்து சாவருக்கு சிஇ. 42 என்றால் 1942. கழுகும் 623உம் அந்தத் தொழிற்சாலையில் இருந்த ராணுவ ஆய்வாளர் குழுவின் முத்திரை. ஆக, ரிசீவர் சொல்வது எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறது. நல்லது.

இப்போது எண்ணுக்குப் பக்கத்து எழுத்து. அதைப் பலர் விட்டுவிடுவார்கள், விடக்கூடாது. ஒவ்வொரு தொழிற்சாலையும் 1இல் தொடங்கி நான்கு இலக்கம் தீரும் வரை போய், அப்புறம் 'ஏ' எழுத்தோடு மறுபடி 1இல் தொடங்கும். புது வருடம் பிறந்தால் எல்லாமே திரும்பவும் முதலிலிருந்து. அதனால் 4471 என்ற எண் உள்ள மவுசர் உலகத்தில் நிறைய இருக்கும். தொழிற்சாலை, வருடம், எண், எழுத்து நான்கும் சேர்ந்தால்தான் அது உங்கள் துப்பாக்கி.

எக்ஸ் விஷயம். சோவியத் கிடங்குகளில், கைப்பற்றிய ஆயுதம் என்று பிரித்துக் காட்டப் போட்ட குறி என்பதே சேகரிப்பாளர்களிடையே வழங்கும் விளக்கம். அவர்கள் பிடித்த பி38 கைத்துப்பாக்கிகளிலும் இதே எக்ஸைப் பார்க்கலாம். எக்ஸ் இல்லாமலும் சோவியத் கை பட்ட மவுசர்கள் நிறைய உண்டு. அதனால் எக்ஸை மட்டும் நம்பாதீர்கள். நீங்கள் சொன்ன மற்ற மூன்றும், அதாவது கறுத்த போல்ட், கிறுக்கல் எண், செந்தேன் மெருகு, இவைதான் கெட்டியான சாட்சி.

நடந்தது இதுதான். போர் முடிந்ததும் மலைமலையாகக் குவிந்த ஜெர்மன் துப்பாக்கிகளை சோவியத் பட்டறைகளில் முழுசாகப் பிரித்தார்கள். போல்ட் எல்லாம் ஒரு குவியல், கட்டை எல்லாம் ஒரு குவியல். கழுவி, துரு எடுத்து, கறுப்பேற்றி, கைக்கு வந்ததைக் கைக்கு வந்ததோடு பொருத்தினார்கள். யாருடைய போல்ட் யாருக்கு என்று யாரும் பார்க்கவில்லை. பொருந்துகிறதா, வேலை செய்கிறதா, அது போதும். கடைசியில் ரிசீவரின் எண்ணை மற்ற உறுப்புகளில் மின்சாரப் பேனாவால் எழுதினார்கள்.

அந்த எழுத்து எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது: எவர்சில்வர் பாத்திரக் கடையில் பேர் வெட்டிக் கொடுப்பார்களே, அதேதான். ஊசி தட்டித் தட்டிப் போகும், எழுத்து லேசாக நடுங்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். கோடு போலத் தெரிவது கோடாக இருக்காது, பக்கம் பக்கமாக விழுந்த சின்னச் சுட்ட புள்ளிகளாக இருக்கும். குத்திய எண்ணுக்கு அடி ஆழமாக, கரை கூர்மையாக இருக்கும். இரண்டையும் விரல் நகத்தாலேயே பிரித்துவிடலாம்.

ஸ்டாலின்கிராட் பற்றி: எந்த முத்திரையும் இடத்தைச் சொல்லாது. சோவியத் பட்டறையில் யாரும் ஊர் பேர் எழுதி வைக்கவில்லை. 1942இல் செய்தது என்பதால் அதற்கு முன்னால் பிடிபட்டிருக்க முடியாது, அவ்வளவுதான் உங்களால் சொல்ல முடியும். ஸ்டாலின்கிராடில் கடைசி ஜெர்மன் படை சரணடைந்தது 1943 பிப்ரவரி 2. அதற்கப்புறம் 1944 கோடையில் பெலாரூஸில் ஒரு முழு ராணுவக் குழுவே நொறுங்கியது. 1945 மே மாதம் லாட்வியாவின் கூர்லாந்தில் சுற்றி வளைக்கப்பட்டிருந்தவர்கள் மொத்தமாக ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். இதில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். கதைக்குக் காசு கொடுக்காதீர்கள், இரும்புக்குக் கொடுங்கள்.


தச்சுக்கொட்டகை | சனி, காலை 7.20

எனக்குத் துப்பாக்கி தெரியாது, மரம் தெரியும். முப்பது வருடமாகக் காரைக்குடிப் பக்கம் பழைய கதவு, அலமாரி பழுது பார்க்கிறேன். மருமகன் இந்த இழையைக் காட்டினான்.

நீங்கள் செந்தேன் என்று சொல்வது அரக்கு. நாங்கள் பிரெஞ்சு பாலிஷ் என்று ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுகிறோமே, அதே பொருள். ஸ்பிரிட் பட்டால் நிமிடத்தில் இளகும். அதனால்தான் சொல்கிறேன், எடுப்பது சுலபம், திரும்பக் கொண்டுவர முடியாது. அரக்கு வருடம் ஆக ஆக நிறம் ஆழமாகும். இன்று புதிதாகப் பூசினால் அந்த ஆழம் வராது.

இன்னொன்று. துணியால் மெழுகித் தேய்த்திருந்தால் அரக்கு சொட்டாது. சொட்டு நிற்கிறது என்றால் தூரிகையால் அவசரமாக அடித்து, அடிப்பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்தியோ படுக்கவைத்தோ காய விட்டிருக்கிறார்கள். அந்தச் சொட்டு எந்தத் திசைக்கு வழிந்திருக்கிறது என்று பாருங்கள். அன்று பட்டறையில் கட்டை எப்படி வைக்கப்பட்டிருந்தது என்று தெரிந்துவிடும்.


பழைய இரும்பு | சனி, காலை 8.05

ஐயா, இருபது வருடமாக இந்த மெருகைப் பார்க்கிறேன், சொட்டின் திசையைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நன்றி.


நேர்கோடு | சனி, மதியம் 1.31

எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் நான் மறுபக்கம் சொல்கிறேன். நானும் இதை விரும்பித்தான் செய்கிறேன், சண்டைக்காக இல்லை.

இந்தத் துப்பாக்கியை வடிவமைத்தவர்கள் போல்ட்டை வெள்ளையாக, பளபளப்பாக விட்டார்கள். கட்டைக்கு மங்கலான எண்ணெய்ப் பூச்சு கொடுத்தார்கள். போர்க்காலத்திலும் பெரும்பகுதி அப்படித்தான் வெளிவந்தது. சோவியத் பட்டறை செய்தது கிடங்கில் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. கிடங்கு மேல் கொட்டிய பாதுகாப்புப் பூச்சை எடுப்பது ஏன் தப்பு? ஓவியத்தின் மேல் ஏறிய புகையைத் துடைப்பதில்லையா? 1942இல் ஒரு ஸ்டெயர் தொழிலாளி இதை எப்படிக் கையில் பிடித்தாரோ, அப்படிப் பார்க்க ஆசைப்படுவது நியாயமான ஆசைதான்.


பழைய இரும்பு | சனி, மாலை 4.18

நேர்கோடு, ஆசை நியாயம்தான். ஆனால் உங்கள் கணக்கில் ஒன்று இடிக்கிறது. அந்த ஸ்டெயர் தொழிலாளி பிடித்த துப்பாக்கி இது இல்லையே! அவர் பிடித்தது இந்த ரிசீவரை. போல்ட் வேறு தொழிற்சாலையில் வேறு யாரோ பிடித்தது. கட்டை இன்னொன்று. இவை எல்லாம் ஒரே துப்பாக்கி ஆனது சோவியத் மேசையில்தான். அந்த மேசையின் தடயத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 1942ஆம் வருடத் துப்பாக்கி இல்லை. எந்த வருடத்திலும் இருந்திராத ஒரு பொருள்தான் மிஞ்சும்.

இதைவிடப் பெரிய கவலை எனக்கு உண்டு. சுரண்டிய துப்பாக்கி ஒரே கையில் நிற்பதில்லை. முதலில் ஒருவர் ஆசைக்கு அரக்கை எடுப்பார். அடுத்தவர் கிறுக்கல் எண்ணைத் தேய்ப்பார். மூன்றாமவர் எக்ஸை அரைத்து, பழைய எழுத்துருவில் எண்களைப் புதிதாகக் குத்தி, "போர் வீரர் ஒருவர் தோளில் தூக்கி வந்தது, எண்கள் எல்லாம் ஒத்துப்போகும்" என்று பல மடங்கு விலைக்கு விற்பார். அமெரிக்காவில் 1968ஆம் வருடச் சட்டத்தின்படி இறக்குமதியாளர் தன் முத்திரையைத் துப்பாக்கியில் போட்டாக வேண்டும், அதனால் ஓரளவு பிடிபடும். கனடாவுக்கு வந்தவற்றில் அந்த முத்திரை இல்லை. தடயம் இல்லாத துப்பாக்கிதான் பொய் சொல்பவனுக்கு வேண்டும்.

வாங்குபவர்கள் ரிசீவரை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எக்ஸ் இருந்த இடத்தில் லேசாகப் பள்ளம் விழுந்திருக்கும், வெளிச்சம் அங்கே மட்டும் வளையும். கறுப்பின் நிறமும் அங்கே ஒரு சாயல் மாறும்.

அப்புறம், எண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கனடாவில் துப்பாக்கியின் வரிசை எண்ணை அழிப்பதோ மாற்றுவதோ குற்றம். ரிசீவர் எண் பக்கம் எந்தத் தேய்ப்புக் காகிதமும் போகக்கூடாது.


வடகடல் | சனி, இரவு 11.02

நான் ஒஸ்லோவில் இருக்கிறேன். இங்கே வந்து கன காலம். நோர்வேயில் இந்தத் துவக்குகளுக்கு இன்னொரு வாழ்க்கை இருக்கு, அதையும் சொல்ல வேணும்.

1945இல் ஜேர்மன்காரர் சரணடைந்தபோது இந்த நாட்டுக்குள்ளே மூன்றரை இலட்சம் பேர் அளவில் இருந்தார்கள். அவ்வளவு பேரின் துவக்கும் இங்கேயே நின்றுவிட்டது. நோர்வே அதை எறியவில்லை. தன் படைக்கே எடுத்தது. தரைப்படைக்குப் போனதில் 'ஹேர்' என்று, ஊர்க்காவல் படைக்குப் போனதில் 'எச்வி' என்று குத்தினார்கள். பிறகு அமெரிக்காவில் இருந்து தோட்டா வரத் தொடங்கியதால் குழலையே மாற்றி அந்த .30-06 தோட்டாவுக்கு ஆக்கினார்கள். அது ஜேர்மன் தோட்டாவைவிட நீளம். அதனால் ரிசீவர் வளையத்தின் உள்முகப்பில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். முத்திரையைப் பார்க்க முதல் அந்த வெட்டைப் பாருங்கோ. அது இருந்தால் 7.92 தோட்டாவை நினைக்கவே கூடாது.

என்னோடு வேலை செய்யும் ஒரு நோர்வேக்காரர் தன் தகப்பனின் துவக்கைக் காட்டினார். ஆக்கிரமிப்புக் காலத்தில் அந்தத் தகப்பன் சின்னப் பெடியன். வளர்ந்து ஊர்க்காவல் படையில் சேர்ந்தபோது கையில் கொடுத்தது இதைத்தான். வளையத்தில் கழுகு அப்படியே இருக்கு, பக்கத்தில் வடிவாக எச்வி. "ஏன் கழுகை அழிக்கவில்லை?" என்று கேட்டேன். "அப்பாவிடம் கேட்டேன், அவர் எங்கள் எழுத்தைத்தான் விரலால் தொட்டுக் காட்டினார்" என்றார்.


பழைய இரும்பு | ஞாயிறு, காலை 6.40

வடகடல் சொன்னதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. பழைய முத்திரையை வைப்பதா, அழிப்பதா என்ற அதே கேள்வியை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகத் தீர்த்தது. யூகோஸ்லாவியா பெரும்பாலும் அரைத்தே எடுத்தது. கிராகுயெவாட்ஸ் ஊர்ப் பட்டறையில் வளையத்தைச் சுத்தமாக வழித்து, தீப்பந்தங்களும் 29.11.1943 என்ற தேதியும் உள்ள தங்கள் சின்னத்தைப் போட்டு, பக்கச் சுவரில் 'பிரெதுசேச்சே 44' என்று பட்டறைப் பெயரையும் எழுதினார்கள். அதைக் கையில் எடுத்தால் ஜெர்மன் துப்பாக்கி என்று உடனே தோன்றாது.

இஸ்ரேல் கதை இன்னும் கனமானது. 1948இல் நாடு பிறந்தபோது ஆயுதம் விற்க முன்வந்தவர்கள் மிகச் சிலர். செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்தவற்றில் இந்த மவுசர்களும் இருந்தன. பிறகு 1950களில் நேட்டோ 7.62 தோட்டாவுக்கு மாற்றி, கட்டையில் பெரிதாக 7.62 என்று பொறித்தார்கள். அவற்றில் சிலவற்றில் நாஜிக் கழுகும் தாவீதின் நட்சத்திரமும் ஒரே இரும்பில் நான்கு விரல் இடைவெளிக்குள் இருக்கின்றன. நான் ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். எதையும் எடுக்க வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை.


கடைசிபெஞ்ச் | ஞாயிறு, காலை 9.15

என் பங்குக்கு ஒன்று. கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது எங்களுக்குக் கொடுத்த பழைய .303 துப்பாக்கியில் 'டிபி' என்று குத்தியிருக்கும். கவாத்துக்கு மட்டும், சுடக்கூடாது என்று பொருள். அப்போது அது தெரியாது, யாரோ ஒரு அதிகாரியின் பெயரெழுத்து என்று நினைத்திருந்தேன். அதே ரகத் துப்பாக்கிகளில் 'எஃப்டிஆர்' என்றும் பக்கத்தில் ஒரு வருடமும் பார்க்கலாம். தொழிற்சாலையில் முழுப் பழுது பார்த்தது என்ற குறி. ஆங்கிலேயர்கள் பழுது பார்த்ததைக் கௌரவமாக வருடத்தோடு எழுதி வைத்தார்கள், மறைக்கவில்லை.


பனிக்காடு | ஞாயிறு, மதியம் 3.50

பின்லாந்தில் படிக்கிறேன். வீட்டு உரிமையாளர் வயதான வேட்டைக்காரர், அவரிடம் ஒரு எம்39 இருக்கிறது, மோசின் என்ற ரஷ்ய ரைபிளின் பின்லாந்து வடிவம். மேலே பின்லாந்துக் குழல், சதுரத்துக்குள் 'எஸ்ஏ', அதாவது பின்லாந்து ராணுவச் சொத்து. எல்லாம் பின்லாந்து என்றுதான் நினைத்திருந்தேன்.

இந்த இழையைப் பற்றிச் சொன்னதும் அவர் ஒன்றும் பேசாமல் திருகுகளைக் கழற்றி, கட்டையிலிருந்து இரும்பைத் தூக்கித் திருப்பிக் காட்டினார். ரிசீவரின் வால் அடியில், வெளிச்சமே படாத இடத்தில், 1896. ஜார் காலத்து ரஷ்யத் தயாரிப்பு! பின்லாந்து மோசின் ரிசீவரை ஒருபோதும் தானே செய்ததில்லையாம். 1918இல் கையில் சிக்கியது, இரு போர்களுக்கு நடுவே ஐரோப்பாவெங்கும் வாங்கியது, 1939-40 குளிர்காலப் போரில் பிடித்தது, இவற்றின் மேல்தான் தன் குழலையும் கட்டையையும் ஏற்றியது. சிலவற்றில் முதல் உலகப் போரில் ஆஸ்திரியர்கள் பிடித்ததற்கு அடையாளமாக 'ஏஇசட்எஃப்', ஜெர்மானியர்கள் பிடித்ததற்கு 'டாய்ச்சஸ் ரைக்' என்ற முத்திரையும் கூடவே இருக்கும் என்றார். பெரியவர் அந்த 1896ஐ எண்ணெய்த் துணியால் ஒரு தரம் ஒற்றி எடுத்துவிட்டு, பழையபடி மூடி வைத்தார்.


ஸ்கார்பரோக்காரன் | திங்கள், இரவு 10.26

எல்லோருக்கும் நன்றி. சனி, ஞாயிறு இரண்டு நாளும் சாப்பாட்டு மேசை முழுக்க இந்தத் துப்பாக்கிதான். எதையும் தேய்க்கவில்லை. உலர்ந்த துணி, ஒரு பல் துலக்கும் பிரஷ், ஒரு லென்ஸ், டார்ச் விளக்கு, அவ்வளவுதான்.

போல்ட்டின் வேரில் கழுகுக்குக் கீழே 135. தோட்டாப் பெட்டியின் அடித்தட்டில் 63.

கட்டையைக் கழற்றினேன். உட்புறம் குழல் படுக்கும் பள்ளத்தில் அரக்கு போகவில்லை. அங்கே மரம் இன்னும் மங்கலான பழுப்பாகவே இருக்கிறது. நேர்கோடு, நீங்கள் பார்க்க ஆசைப்பட்ட 1942 அங்கே ஒரு விரல் அகலத்துக்கு இருக்கிறது. அந்தப் பள்ளத்தில் ஒரு எண் குத்தியிருக்கிறது. ரிசீவர் எண்ணும் இல்லை, போல்ட் எண்ணும் இல்லை. மூன்றாவது ஒன்று.

பின்பக்க இரும்புத் தகட்டில் நான்காவது எண், அதைக் கோடு போட்டு அடித்து, மின்பேனாவால் என் ரிசீவர் எண். எழுதியவர் 7ஐ நடுவில் ஒரு குறுக்குக் கோட்டோடு எழுதியிருக்கிறார். போல்ட்டிலும் அதே 7, அதே சாய்வு. இரண்டையும் ஒரே கைதான் எழுதியிருக்க வேண்டும்.

ஐயா சொன்னபடி சொட்டைப் பார்த்தேன். அடியில் ஆறு சொட்டு. எல்லாம் தோளில் பதியும் குதிங்கட்டைப் பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. கட்டையை நிமிர்த்திச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். ஒரு சொட்டில் தூரிகையின் மயிர் ஒன்று ஒட்டி உறைந்திருக்கிறது.

என் அம்மாவின் பித்தளைக் குடத்தில் ஆச்சியின் பெயர் இருக்கும், அதற்குக் கீழே அம்மாவின் பெயர். போன தடவை ஊருக்குப் போனபோது பாலிஷ் போடக் கொடுத்தோம். பேர் பக்கம் இயந்திரம் வைக்காதீர்கள் என்று அம்மா கடைக்காரரிடம் இரண்டு தரம் சொன்னார். நேற்று ராத்திரி அந்தத் தகட்டைக் கையில் வைத்திருந்தபோது அதுதான் ஞாபகம் வந்தது. மெருகு இருக்கட்டும், போல்ட்டும் கறுப்பாகவே இருக்கட்டும்.

இன்னொரு கேள்வி. போல்ட் வேறு துப்பாக்கியுடையது என்று தெரிந்துவிட்டது. சுடலாமா?


பழைய இரும்பு | திங்கள், இரவு 11.10

135 என்றால் ஓபர்ன்டார்ஃப் மவுசர். 63 என்றால் பிர்னோ. ஆக ஆஸ்திரியா, ஜெர்மனி, செக் நாடு மூன்றும் உங்கள் சாப்பாட்டு மேசையில் இருக்கின்றன. ஒட்டிக் கொடுத்த கை சோவியத் கை.

சுடுவதற்கு முன் ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டுபோய், போல்ட் முகத்துக்கும் தோட்டா உட்காரும் அறைக்கும் நடுவே இடைவெளி சரியாக இருக்கிறதா என்று அளவுக்கட்டை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாறிய போல்ட்டில் இது கட்டாயம். பட்டறையில் அன்றைக்குப் பொருத்திப் பார்த்துத்தான் அனுப்பியிருப்பார்கள், ஆனால் எண்பது வருடத்து இரும்பு. குழலுக்குள்ளும் விளக்கு விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த நான்கு எண்களையும், எது எந்த உறுப்பில், குத்தியதா எழுதியதா, எது அடிக்கப்பட்டது என்று ஒரு தாளில் எழுதி, கட்டையோடு சேர்த்தே வையுங்கள். குழலுக்கு மேல் இருக்கும் கைக்காப்பு மரத்தைக் கழற்றினீர்களா? அதன் உள்பக்கமும் ஒரு எண் இருக்கும்.


ஸ்கார்பரோக்காரன் | திங்கள், இரவு 11.48

கழற்றவில்லை. இப்போது கழற்றினேன். இருக்கிறது. கட்டையின் உள்ளே இருக்கும் அதே மூன்றாவது எண். இந்த இரண்டு மரத் துண்டுகள் மட்டும் பிரியவே இல்லை.